'ரிப்ளை 1988' தொடரில் கதைமாந்தரின் நோக்கமும் வளர்ச்சியும்

முன்னுரை

தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் 2015 நவம்பர் முதல் 2016 சனவரி வரை இருபது பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் 'ரிப்ளை 1988'. ஷின் வோன்-ஹோ இயக்கத்தில் லீ வூ-ஜங் எழுதிய 'ரிப்ளை' வரிசையில் இது மூன்றாவது. சியோல் நகரின் சாங்முன்தோங் பகுதியில், ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களும் அக்குடும்பங்களின் பதின்பருவப் பிள்ளைகள் ஐவரும் இதன் களம். நாயகி பிற்காலத்தில் யாரை மணந்தாள் என்பதைக் கதை முடியும் தறுவாய்வரை மறைத்துவைப்பது இவ்வரிசைத் தொடர்களுக்குப் பொதுவான உத்தி. எனவே இத்தொடர் குறித்த பேச்சும் பெரும்பாலும் அப்புதிரையே சுற்றி அமைகிறது. விடை தெரிந்த பின்னர் மீண்டும் பார்க்கும்போதுதான் புதிருக்கு அடியில் ஓடும் வேறொரு தர்க்கம் புலப்படுகிறது. இக்கதைமாந்தர் ஒவ்வொருவரும் குடும்பத்தில் தமக்கு வாய்த்த இடத்திலிருந்தே விரும்பவும் விட்டுக்கொடுக்கவும் கற்கின்றனர். அவ்விடம் கற்பித்ததை மீறும்போதே அவர்களது வளர்ச்சி நிகழ்கிறது. இக்கட்டுரை இந்நோக்கில் தொக்சொன், ஜங்ஹ்வான், தேக் ஆகிய மூவரை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

நடுப்பிள்ளையின் இடம்

தொக்சொன் மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்தவள். அக்காள் போரா சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவி. தம்பி நோயுல் வீட்டின் ஒரே ஆண்பிள்ளை. பொரித்த முட்டையும் கோழிக்காலும் அவ்விருவருக்கே போகின்றன. அக்காளின் பிறந்தநாளும் தொக்சொன்னின் பிறந்தநாளும் சில நாள் இடைவெளியில் வருவதால், ஒரே கேக்கில் மெழுகுவத்தியை மட்டும் மாற்றி இரண்டையும் கொண்டாடி முடித்துவிடுகின்றனர். முதல் பகுதியிலேயே அவள் வெடித்து அழுகிறாள். அக்காளுக்கும் தம்பிக்கும் அழகான பெயர், தனக்கு மட்டும் ஏன் இப்பெயர் என்பதும் அவளது முறையீடுகளுள் ஒன்று. கேக்கும் முட்டையும் அற்பப் பொருள்கள். ஆனால் பங்கீட்டில் தன்னை யாரும் நினைக்கவில்லை என்பதற்கு அவை சான்றுகள். அவளது நோக்கம் அனைத்திற்கும் வேர் இங்கேதான் உள்ளது: யாரேனும் தன்னைக் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும்.

1988 சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கர் அணியின் பெயர்ப்பலகையை ஏந்திச் செல்ல அவள் பல மாதம் பயிற்சி பெறுகிறாள். அந்நாடு விளையாட்டையே புறக்கணித்துவிடுகிறது; இது வரலாற்று உண்மையும்கூட. உலக அரசியலின் ஒரு முடிவு சாங்முன்தோங்குச் சிறுமியின் ஏமாற்றமாக வந்து இறங்குவதை எழுத்தாளர் விளக்கவுரை ஏதுமின்றிக் காட்டிவிடுகிறார். இறுதியில் உகாண்டாவின் பலகை அவள் கைக்கு வருகிறது. வேறொருவருக்கு உரியதைத் தான் பெறுதல் என்னும் அவளது வீட்டு நியதி அங்கும் தொடர்வதை ஆய்வாளர் கவனிக்கலாம்.

காதலிலும் இதே நோக்கமே அவளை இயக்குகிறது. சொனு தன்னை விரும்புவதாகத் தோழியர் சொன்னதும் அவள் அவனை விரும்பத் தொடங்குகிறாள். அவன் விரும்பியதோ போராவை. பின்னர் ஜங்ஹ்வான் விரும்புவதாகச் சொல்லப்பட்டதும் மனம் அவன்பால் சாய்கிறது. இதைப் பேதைமை என ஒதுக்குவது எளிது. விரும்பப்படுதலையே விருப்பம் என எண்ணப் பழகிய ஒருத்தியின் நிலை இது. நண்பன் தோங்ரியோங்தான் கேள்வியைத் திருப்பிப்போடுகிறான்: உன்னை விரும்புபவர் யார் என்பது இருக்கட்டும், நீ யாரை விரும்புகிறாய்? பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வதால் வீட்டில் தனித்துவிடப்பட்டவன் இதைக் கேட்பது பொருத்தமானது. கவனிப்பாரற்றிருத்தலின் இயல்பை அவனும் அறிவான்.

இக்கேள்விக்கு முன்னரே அவளது ஆற்றலுக்கு ஒரு சான்று தரப்பட்டுள்ளது. பாடுக் ஆட்டக்காரனான தேக்கிற்குத் துணையாக அவள் சீனா செல்கிறாள். படிப்பில் கடைநிலையில் இருப்பவள், மொழி தெரியாத ஊரில் அவனுக்கு வேண்டிய உணவையும் கதகதப்பான அறையையும் பெற்றுத்தருகிறாள். பள்ளி மதிப்பெண் அளக்காத திறன் இது. கோழிக்கால் கிடைக்காதவளே பிறரின் பசியை முதலில் அறிகிறாள்.

விட்டுக்கொடுத்தலின் இரு வடிவங்கள்

ஜங்ஹ்வான் ஏன் தன் காதலைச் சொல்லவில்லை என்பது இத்தொடரில் மிகுதியும் விவாதிக்கப்பட்ட வினா. கூச்சம், காலம் வாய்க்காமை என்பன வழக்கமான விடைகள். இவை போதா. அவனும் இரண்டாம் பிள்ளை; அண்ணன் ஜங்போங் இதய நோயாளி. தாயின் கவலை முழுவதும் அண்ணன்மீது இருக்க, தனக்கென எதையும் கேளாதிருத்தலை அவன் இளமையிலேயே பழகுகிறான். விமானியாக வேண்டும் என்பது அண்ணனுக்கு எட்டாத கனவு. விமானப்படையில் சேர்பவன் ஜங்ஹ்வான். ஒரு கனவையே பிறருக்காகச் சுமப்பவன், நண்பன் தேக்கும் அவளையே விரும்புகிறான் என்று அறிந்ததும் ஒதுங்கியது புதிய செயலன்று, பழைய பழக்கமே. நெரிசல் மிக்க பேருந்தில் அவளைச் சுற்றிக் கைகளை அரணாக ஊன்றி நிற்கும் காட்சியில் உரையாடல் இல்லை. தமிழ் இலக்கணம் மெய்ப்பாடு எனக் குறிப்பது எதுவோ, அதுவே அங்குப் பேசுகிறது.

தேக் தாயை இழந்தவன்; பதின்பருவத்திலேயே புகழின் உச்சியில் இருப்பவன்; தூக்க மாத்திரையின்றி உறங்க இயலாதவன். ஜங்ஹ்வானின் பணப்பையில் தொக்சொன்னின் படத்தைக் கண்டதும் அவனும் பின்வாங்குகிறான். ஆக, இருவரும் ஒருமுறை விட்டுக்கொடுத்தவர்களே. இவ்வொப்புமையைக் கருதாமல் ஒருவனைத் தியாகியாகவும் மற்றவனைத் தன்னலமியாகவும் கொள்வது பிரதிக்கு இழைக்கும் அநீதி. 1994இல் இசை நிகழ்ச்சி அரங்கின் வெளியே தொக்சொன் தனித்து நிற்கும் இரவில் வேறுபாடு வெளிப்படுகிறது. தேக் தன் ஆட்டத்தையே கைவிட்டு அங்கு விரைகிறான். அவனை இதுவரை வரையறுத்தது அந்த ஆட்டம் ஒன்றே என்பதை நினைந்தால் இச்செயலின் எடை விளங்கும். ஜங்ஹ்வானும் காரில் புறப்பட்டு, சிவப்பு விளக்குகளால் தாமதித்து வந்து சேர்கிறான். தன்னைத் தடுத்தது விளக்குகள் அல்ல, தனது எண்ணற்ற தயக்கங்களே என அவன் உணர்வதுதான் அவனது வளர்ச்சி. அதன்பின் உணவகத்தில் மனத்திலிருந்த அனைத்தையும் அவளிடம் சொல்லிவிட்டு, விளையாட்டுக்குச் சொன்னதாக மழுப்புகிறான். அறிவு முதிர்ந்த பின்னும் பழக்கம் முதிர மறுக்கிறது; தொடரின் மிக நேர்மையான உளவியல் பதிவு இதுவே எனலாம்.

பெற்றோரின் வளர்ச்சியும் காலத் தாவலும்

வளர்தல் பதின்பருவத்தினர்க்கு மட்டும் உரியதன்று என்பதிலும் தொடர் உறுதியாக உள்ளது. பிறர் கடனுக்குப் பிணை நின்று நொடித்த வங்கி ஊழியரான தொக்சொன்னின் தந்தை, தனிக் கேக்குடன் சந்தில் அவளுக்காகக் காத்திருந்து, தானும் தந்தையாகப் பிறந்தவன் அல்லன் என்ற பொருள்பட மன்னிப்புக் கேட்கிறார். தாயின் இறப்பு வீட்டில் வந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அவரே, அயல்நாட்டிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்ததும் உடைந்து அழுகிறார். அவரும் ஒருவருக்குத் தம்பி என்பதை மகள் அன்றுதான் காண்கிறாள்.

குறை ஒன்றையும் சுட்ட வேண்டும். 1989க்குப் பின் கதை 1994க்குத் தாவிவிடுகிறது. தொக்சொன் விமானப் பணிப்பெண்ணாக உருவான ஆண்டுகள் அந்த இடைவெளியில் மறைகின்றன. போரா போராட்டக் களத்திலிருந்து சட்டப் படிப்புக்குத் திரும்பும் மாற்றத்திற்குக் கிடைத்த காட்சிகள்கூட நாயகிக்குக் கிடைக்கவில்லை. தோங்ரியோங் எழுப்பிய கேள்விக்கு அவள் எப்போது விடை கண்டாள் என்பதும் நேர்நிகழ்வாகக் காட்டப்படாமல், பெரும்பாலும் பின்னோக்குக் காட்சிகள் வழியே பிற்பாடு நிரப்பப்படுகிறது. கணவன் யார் என்னும் புதிரைக் காக்கும் பொருட்டு அவளது அகம் பார்வையாளரிடமிருந்து மறைக்கப்படுகிறது. தன்னை யாரும் பார்க்கவில்லை என அழுத பெண்ணை, அவள் தெரிவு செய்யும் காலத்தில் கதைசொல்லலும் பாராதிருந்துவிடுகிறது.