தானாக ஓடும் விசிறி: மைக்ரோவேவ் அடுப்புக்கு என்ன ஆயிற்று?

இரவு மணி 11. கிள்ளானில் மாணவர்கள் நால்வர் சேர்ந்து தங்கியிருக்கும் வாடகை வீடு. மறுநாள் தேர்வு. ஒருவர் மைலோவைச் சூடாக்கி எடுத்துச் சென்றுவிட்டார். ஆனால், மைக்ரோவேவ் அடுப்பின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இது பழுதா, இயல்பா?

நுண்ணலைகளை உண்டாக்கும் பாகம் மேக்னட்ரான். அதற்குச் செல்லும் மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாகிவிடும். அந்தச் சூட்டைத் தணிப்பதே விசிறியின் வேலை. எனவே, பல அடுப்புகளில் சமையல் முடிந்த பிறகும் சில நிமிடங்கள் விசிறி ஓடும். அது பழுதன்று. கேஸ் அடுப்புக்கு மேலே பொருத்தப்படும் வகையில், கீழிருந்து வரும் சூட்டை உணர்ந்தும் விசிறி தானாக ஓடத் தொடங்கும்.

நெடுநேரம் நிற்கவில்லையா? சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் சற்றுத் தள்ளி வையுங்கள். காற்றுத் துளைகளைத் துணியோ பெட்டியோ மறைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் செருகுங்கள்.

அடுப்பு ஆறிய பின்னும், பிளக்கைச் செருகியவுடன் விசிறி ஓடினால் ‘ரிலே’ மீது சந்தேகம் கொள்ளலாம். பள்ளியில் படிக்கும் மின்காந்தம்தான் அதற்குள்ளும் இருக்கிறது. மின்காந்தம் இழுக்கும்போது தொடுமுனைகள் சேரும், விட்டால் பிரியும். தீப்பொறியால் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், யாரும் பொத்தானை அழுத்தாமலேயே விசிறி ஓடும்.

கதவைத் திறந்ததும் விசிறியோடு தட்டும் சுழன்றால், கதவு சுவிட்சும் பழுதாகியிருக்கலாம். கதவு திறந்திருக்கும்போது நுண்ணலை உண்டாகாமல் தடுப்பவை அந்தச் சுவிட்சுகளே. அந்த அடுப்பை அப்போதே நிறுத்திவிடுங்கள்.

காணொளியைப் பார்த்துத் திருப்புளியை எடுக்க ஆசை வரும். வேண்டாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், உள்ளே 2,000 வோல்ட்டையும் தாண்டுகிறது. பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கி அந்த மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். தொட்டால் உயிரே போகலாம்.

பிளக்கைக் கழற்றுங்கள். ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழதி அடுப்பில் ஒட்டுங்கள். காலையில் வீட்டுக்காரரிடம் சொல்லி, பழுது பார்க்கத் தெரிந்தவரை அழையுங்கள். அதுவரை மைலோவுக்குச் சுடுநீர்க் கெண்டி போதும்.