கடைசி பெஞ்சுக்குப் புள்ளி தெரியவில்லை

சென்ற ஆண்டு ஒரு மாலை, ஐந்தாம் வகுப்பின் தமிழ் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு புதிய சொற்களைப் புரொஜெக்டரில் காட்டி, பார்த்து எழுதச் சொல்லியிருந்தேன். சொல்வதெழுதுதல்கூட இல்லை, வெறும் பார்த்தெழுதுதல்தான். அதிலும் ‘மின்மினி’ என்பது ‘மினமினி’ ஆகியிருந்தது. ‘செப்பேடு’, ‘செபபேடு’ ஆகியிருந்தது. எட்டு, ஒன்பது நோட்டுகளில் இதே கதை. சிவப்பு மையால் சுழித்துத் தள்ளினேன்.

மறுநாள் வகுப்பில், “பார்த்து எழுதக்கூடவா வராது?” என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். ஜன்னலோரக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, “அங்க புள்ளியே இல்ல சார்” என்றாள். எதிர்த்துப் பேசுகிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புரொஜெக்டரைப் போட்டுவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். எழுத்து தெரிந்தது, எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி தெரியவில்லை. பிழையாக எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோர் கடைசி இரண்டு வரிசைக்காரர்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நமக்குக் கருவியைக் கொடுத்தார்கள். ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் காட்டிக் கொடுத்தார்கள். பெட்டியின் மேலும் மெனுவின் உள்ளேயும் இருக்கும் சொற்களை யாரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலை பிரிக்காமல் கிடந்த கையேட்டைப் பிரித்தேன். அதில் நான் புரிந்துகொண்டவற்றை, என் வகுப்பறையை வைத்தே சொல்கிறேன்.

முதல் சொல், லூமென். அளவீட்டியல் பாடத்தில் கேண்டிலாவோடு சேர்த்து நாம் நடத்தும் அதே லூமென்தான். ஒரு விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு அது. எங்கள் பெட்டியில் ‘3000 ஆன்சி லூமென்’ என்று இருந்தது. ‘ஆன்சி’ என்ற முன்சொல் முக்கியம். படத்தை ஒன்பது சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, படத்தின் பரப்பால் பெருக்குவது ஆன்சி முறை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு. அந்தச் சொல் இல்லாமல் வெறும் ‘9000 லூமென்’ என்று சொல்லி மலிவாக விற்கும் சிறு புரொஜெக்டர்கள் இருக்கின்றன. அவற்றில் பல, ஆன்சி முறையில் அளந்தால் சில நூறைத் தாண்டாது. ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கு அன்பளிப்பாக வாங்கித்தர முன்வரும்போது, இந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

லூமென் மொத்த ஒளி. சுவரில் விழும் ஒளி லக்ஸ்: லூமெனை, படத்தின் பரப்பால் வகுத்தால் வருவது. பரப்பு சதுர மீட்டரில் இருக்க வேண்டும். ஒரு பக்கா அரிசியை ஒரு முறத்தில் பரப்புவதும் ஒரு பாயில் பரப்புவதும் போலத்தான். அரிசி அதேதான், அடர்த்தி வேறு. நான் பெருமையாக 8 அடி அகலம், 6 அடி உயரத்துக்குப் படத்தை விரித்து வைத்திருந்தேன். அது ஏறத்தாழ 4.46 சதுர மீட்டர். 3000 லூமெனை அதில் பரப்பினால் சுமார் 670 லக்ஸ்.

ஆனால் எங்கள் புரொஜெக்டரில் இப்போது 3000 லூமென் இல்லை. மெனுவில் ‘லேம்ப் அவர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். எங்களுடையது 3800 மணி நேரம் காட்டியது. கையேட்டில் விளக்கின் ஆயுள் 4000 மணி நேரம். நான் நினைத்திருந்தது, 4000 முடிந்தால் விளக்கு பட்டென்று போய்விடும் என்று. அப்படியில்லை. இந்த வகை விளக்குகளுக்கு ஆயுள் என்று குறிப்பிடுவது, வெளிச்சம் பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலத்தை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் தினமும் பார்க்கும் நமக்குத் தெரிவதில்லை. ஆக, சுவரில் விழுந்தது 1500 லூமென்தான். 4.46-ஆல் வகுத்தால் 336 லக்ஸ்.

இனிதான் விஷயம். புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. கறுப்பு என்று நாம் நினைப்பது, ஒளி விழாமல் விடப்பட்ட சுவர். புரொஜெக்டரை அணைத்தால் சுவர் எப்படித் தெரிகிறதோ, அதுதான் நம் வகுப்பறையில் கிடைக்கக்கூடிய அதிகபட்சக் கறுப்பு. செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுச் சுவரருகே பிடித்தேன். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் சேர்ந்து 400 என்று காட்டியது. செல்போன் கணக்கு துல்லியமானதல்ல, ஆனால் நம் தேவைக்குப் போதும். வெள்ளைப் பகுதியில் 336-உடன் 400 சேர்ந்து 736. கறுப்பு எழுத்தில் 400. இரண்டுக்கும் உள்ள விகிதம் இரண்டு மடங்குகூட இல்லை. இதற்குப் பெயர் மாறுபாட்டு விகிதம், ‘கான்ட்ராஸ்ட் ரேஷியோ’. பெட்டியில் 10000:1 என்று போட்டிருந்தார்கள். அது இருட்டறைக் கணக்கு. பகல் வகுப்பறையில் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை. எழுத்தின் தடித்த கோடுகள் இந்த மங்கலிலும் தாக்குப்பிடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளி தாக்குப்பிடிக்காது. கணக்கில் தசமப் புள்ளிக்கும் இதே கதிதான்.

1905-இல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவருக்கு இருட்டு துணை. நமக்கோ எதிரில் நாற்பது பிள்ளைகள் நோட்டில் எழுத வேண்டும். முழு இருட்டு நமக்கு உதவாது.

அடுத்த சொல் ‘த்ரோ ரேஷியோ’. வீழ்த்து விகிதம் என்று சொல்லிக்கொள்ளலாம். சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. எங்களுடையது 1.95 முதல் 2.15 வரை. 8 அடி அகலப் படத்துக்குக் குறைந்தது 15.6 அடி தூரம் வேண்டும். நான் ஏன் 16 அடியில் வைத்திருந்தேன் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. பிள்ளைகள் எதைப் படிக்க முடியும் என்பதை ஒரு பிளக் பாயிண்ட் தீர்மானித்திருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்து 12 அடிக்கு முன்னால் கொண்டுவந்தேன்; படம் 6 அடி அகலம், நாலரை அடி உயரமாகச் சுருங்கியது. இந்த விகிதம் 1-க்குக் கீழே இருப்பவை ‘ஷார்ட் த்ரோ’, 0.4-க்கும் கீழே போனால் ‘அல்ட்ரா ஷார்ட் த்ரோ’, சுவரை ஒட்டியே மாட்டுவது. ஆசிரியரின் நிழல் படத்தில் விழாது, கண்ணும் கூசாது. புதிதாக வாங்கும் வாய்ப்பு வந்தால் சிறிய வகுப்பறைக்கு நான் இதைத்தான் கேட்பேன்.

படம் சிறிதானால் கடைசி பெஞ்சுக்குத் தெரியுமா என்ற கேள்வி வரும். இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது: எழுத்தைப் படிக்க வேண்டிய படமென்றால், கடைசியில் இருப்பவர் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும். நாலரை அடி உயரத்துக்கு 27 அடி. எங்கள் கடைசி பெஞ்ச் 22 அடியில். போதும். திறன்மிகு வகுப்பறைகளில் டிவி வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டிவியின் அங்குலம் மூலைவிட்ட அளவு, உயரம் அல்ல. 43 அங்குல டிவியின் உயரம் சுமார் 21 அங்குலம்தான். பத்தரை அடிக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்குச் சிறிய எழுத்து சிரமம். 65 அங்குலமென்றால் 16 அடி வரை.

‘கீஸ்டோன்’ என்பது என்னை மிகவும் ஏமாற்றிய சொல். கட்டட வளைவின் உச்சியில் மேலே அகன்றும் கீழே குறுகியும் ஒரு கல் வைப்பார்களே, அதன் பெயர் அது. புரொஜெக்டரைச் சாய்த்து வைத்தால் செவ்வகப் படம் அந்தக் கல்லைப் போலச் சரிவகமாகிவிடும். நான் தாழ்வான மேசையில் வைத்து, முன்பக்கம் இரண்டு பழைய நோட்டுகளைச் செருகித் தூக்கி, பிறகு மெனுவில் கீஸ்டோனைத் தட்டித் தட்டிச் செவ்வகமாக்கிவிடுவேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அந்தத் திருத்தம் லென்ஸில் நடப்பதில்லை. உள்ளே இருக்கும் படத்தையே எதிர்ப்பக்கமாகச் சரிவகமாக நசுக்கி அனுப்புகிறது. எங்கள் கருவியின் பிரிதிறன் 1024 × 768, அதாவது ஏறத்தாழ 7.86 லட்சம் படப்புள்ளிகள். நசுக்கும்போது ஓரத்துப் படப்புள்ளிகள் வீணாகின்றன, அவற்றின் வெளிச்சமும் வீணாகிறது. எழுத்தின் விளிம்பு மசமசவென்று ஆவது இதனால்தான்.

மேசையில் வைக்கும் பெரும்பாலான புரொஜெக்டர்கள் தம் லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கியே படத்தை வீழ்த்தும்படி செய்யப்பட்டவை. ஆகவே படத்தின் கீழ் விளிம்பு எங்கே வர வேண்டுமோ, ஏறக்குறைய அந்த உயரத்தில், சாய்க்காமல், சுவருக்கு நேராக வைத்தால் போதும். மேசைமேல் ஒரு ஸ்டூலைப் போட்டு, கயிற்றால் கட்டி வைத்தோம். கீஸ்டோனைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன்.

பிரிதிறனிலும் ஒரு சொல் விளையாட்டு உண்டு. ‘நேட்டிவ்’ என்று போட்டிருப்பதுதான் கருவியின் சொந்தப் பிரிதிறன். ‘1080 சப்போர்ட்டட்’ என்றால், அந்த அளவுப் படத்தை வாங்கிக்கொள்ளும். காட்டுவது தன் சொந்த அளவுக்குக் குறைத்துத்தான். 4:3, 16:9 என்பவை அகல உயர விகிதங்கள். பழைய 4:3 கருவியில் புதிய காணொலியைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். அது பழுதல்ல. பட்டை போகட்டும் என்று படத்தை இழுத்து நிரப்பினால் வட்டம் நீள்வட்டமாகும். வடிவியல் நடத்தும்போது இதைக் கவனிக்காவிட்டால் பிள்ளைகளிடம் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

திரையைப் பொறுத்தவரை ‘கெய்ன்’ என்று ஒரு எண் உண்டு. ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறவிடும் வெண்பரப்பு 1. அதற்கு மேல் போனால் நேர் எதிரே இருப்பவருக்குப் பளிச்சென்றும், பக்கவாட்டில் இருப்பவருக்கு மங்கலாகவும் தெரியும். பள்ளிகளில் ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கத்தைத் திரையாகக் கட்டுகிறோம். அது பளபளப்பானது. நடுவில் விளக்கின் வெளிச்சம் வட்டமாகத் தெறித்து, அந்த இடத்து எழுத்தே மறைந்துபோகும். அதைவிட, பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்த சுவர் மேல். எங்கள் சுவர் வெளிர்மஞ்சள்; ஒரு சட்டம் அளவுக்கு மட்டும் வெள்ளை அடித்துக்கொண்டோம்.

இணைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலநிற முனையும் 15 ஊசியும் கொண்ட வி.ஜி.ஏ. கேபிளில் படம் மட்டுமே போகும், ஒலி போகாது. எச்.டி.எம்.ஐ.யில் இரண்டும் போகும். ‘நோ சிக்னல்’ என்று வந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் பொத்தானுடன் பி-யை அழுத்தி ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அணைக்கும்போது சுவிட்சை நேரடியாக நிறுத்தாமல், விசிறி ஓய்ந்த பிறகு நிறுத்துங்கள். வடிகட்டி உள்ள கருவியென்றால் சாக்பீஸ் தூசி அதை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்வதை எங்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். விளக்கு உடைந்தால் மட்டும் பிள்ளைகளை வெளியே அனுப்பி ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், அதில் பாதரசம் உண்டு.

சுவருக்கு அருகிலிருந்த ஜன்னலுக்கு அடர்பச்சைத் துணி கட்டினோம். முன்பக்க டியூப் லைட்டை மட்டும் அணைத்தோம். பின்பக்கம் எரிந்துகொண்டே இருந்தது, பிள்ளைகள் எழுத வேண்டுமே. சுவரில் இப்போது 100 லக்ஸ். அதே பழைய விளக்கின் 1500 லூமென், சுருங்கிய படத்தில் 600 லக்ஸ் ஆனது. வெள்ளை 700, கறுப்பு 100. இரண்டு மடங்குகூட இல்லாத விகிதம் ஏழு மடங்காயிற்று. துணிக்கும் பெயின்ட்டுக்கும் ஆன செலவைத் தவிர வேறு செலவில்லை. ஸ்லைடில் பன்னிரண்டு வரிக்குப் பதில் ஆறு வரி, வெள்ளைப் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்து என்று மாற்றிக்கொண்டேன்.

அதே பன்னிரண்டு சொற்களை இரண்டு ஸ்லைடுகளாக மீண்டும் காட்டினேன். பழைய பக்கத்தில் நான் போட்டிருந்த சிவப்புச் சுழிகளை அடித்து, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சிறுமிக்கு இந்த முறை ஒரே ஒரு பிழை: ‘வெண்கலம்’ என்பதில் மூன்று சுழி ணகரத்துக்குப் பதில் இரண்டு சுழி னகரம். புள்ளி சரியாகவே இருந்தது. புதிய விளக்கு கேட்டுத் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். ‘மங்கலாக இருக்கிறது’ என்று எழுதாமல், 3800 மணி நேரம் என்பதையும், கருவியின் மாடல் எண்ணையும், இந்த லக்ஸ் கணக்கையும் எழுதியிருக்கிறேன்.