கொடை கேசட்டை டிவிடி ஆக்கின கதை

பெரியம்மா வீட்டு டிவி ஸ்டாண்டில் மூன்று விசிடி இருக்கிறது. சேரன்மகாதேவி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில், 1996-ல் எடுத்த வீடியோ. 2005-ல் டவுனில் ஒரு கடையில் கொடுத்து விஎச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றி வாங்கினோம். இரண்டாவது சிடி முடிகிற இடம், பட்டவராயனுக்குக் கோமரத்தாடியான பெரியப்பா பீடத்துக்கு முன்னால் எழும்புகிற இடம். மூன்றாவது சிடியைப் போட்டால் அவர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறார். நடுவில் இரண்டு நிமிஷம் போல காணோம்.

"ஏய்யா, அவிய எந்திரிக்க நேரம் பாத்து படம் நின்னு போகுதே, அத ஒண்ணும் செய்ய முடியாதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். பெரியப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் ஆடிய வேறு வீடியோ எதுவும் எங்களிடம் இல்லை.

போன வருஷம் பரணில் தேடும்போது அசல் கேசட்டே கிடைத்தது. அதை நானே கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவிடி போட்டுக் கொடுத்தேன். அதில் கற்றுக்கொண்டதை இங்கே குறித்து வைக்கிறேன். கொடை வீடியோ, கல்யாண வீடியோ என்று நம்ம பக்கம் பல வீடுகளில் கேசட் கிடக்கிறது. யாருக்காவது உதவும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

அன்றைக்குப் பாடியது முத்துப்பட்டன் கதை. மாடு காக்கப் போய் உயிரை விட்டவன், பட்டவராயனாகப் பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் நிற்கிறான். ஜனங்கள் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார், புத்தகமாகவே படிக்கலாம். ஆனால் புலவர் எந்த வரியை இழுத்தார், உடுக்கை எங்கே வேகம் பிடித்தது, எந்த அடியில் கோமரத்தாடிக்கு அருள் வந்தது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. அது கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் மென்பொருளில் நாம் தட்டுகிற ஒவ்வொரு செட்டிங்கும், அதில் எது மிஞ்சும், எது போகும் என்ற முடிவுதான்.

கேசட்டைப் போடுவதற்கு முன்னால்

கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பவுடர் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பரணில் கிடந்தால் வரும். அப்படியே விசிஆரில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் பண்ணத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் நல்லது. என் கேசட்டில் பூஞ்சை இல்லை. ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

விசிஆர் கிடைப்பதுதான் கஷ்டம். கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழைய சாமான் கடையில் வாங்குகிறவர்கள், முதலில் தேவையில்லாத ஒரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். நாடாவைத் தின்னாமல் இருந்தால் அதுவே பெரிசு.

பிடிக்கும்போது: நாலு செட்டிங்

விசிஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை ஒரு யூஎஸ்பி கேப்சர் டப்பியில் செருகி, டப்பியைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். நான் பயன்படுத்தியது வெர்ச்சுவல்டப், இலவசம்.

முதல் செட்டிங், டிவி முறை. இந்தியாவில் டிவியும் கேசட்டும் பால் முறை (குடிக்கிற பால் இல்லை). வினாடிக்கு 25 படம், கண்ணுக்குத் தெரியும் கோடு 576. அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி: 29.97 படம், 480 கோடு. பல டப்பிகள் என்டிஎஸ்சியில்தான் எழும்பும். படம் உருண்டாலோ கறுப்பு வெள்ளையாக வந்தாலோ கேசட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். 'கேப்சர் ஃபில்டர்' சன்னலில் 'பால் பி' என்று மாற்றினால் சரியாகும்.

இரண்டாவது, அளவு. 720க்கு 576, வினாடிக்கு 25. ஓபிஎஸ் வைத்திருப்பவர்களும் இதே எண்களைக் கையால் போட வேண்டும். அது தானாக 30-ல் நிற்கும்.

மூன்றாவது, சுருக்கும் முறை. சுருக்காமல் பிடித்தால் மணிக்கு 75 ஜிபி போகும். ஹஃப்ஒய்யூவி என்ற கோடெக், படத்தில் ஒரு புள்ளியும் இழக்காமல் ஏறக்குறைய பாதியாக்கும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு நான் 150 ஜிபி காலி இடம் வைத்துக்கொண்டேன். டிரைவ் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். எஃப்ஏடி32 ஆக இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

நாலாவது, இன்டர்லேஸ். பழைய வீடியோவில் ஒரு படம் என்பது இரண்டு பாதி. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் இன்னொரு பாதி. இரண்டுக்கும் நடுவே வினாடியில் 50-ல் ஒரு பங்கு இடைவெளி. ஆகவே அசைவு வினாடிக்கு 50 தடவை பதிவாகியிருக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் வேகமாக அசையும் கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரியும். அசிங்கமாக இருக்கிறதே என்று பிடிக்கும்போதே 'டீஇன்டர்லேஸ்' போட்டுவிடாதீர்கள். டிவிடி இந்த இரட்டைப் பாதியை அப்படியே தாங்கும்.

எங்கள் பழைய விசிடியில் நடந்தது இதுதான். விசிடிக்கு அளவு 352க்கு 288. இரண்டு பாதியில் ஒன்று அப்படியே போய்விடும். படத்துக்குக் கிடைப்பது வினாடிக்கு 1150 கிலோபிட். பந்தம் சுற்றுகிற காட்சியில் அது போதாமல் படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

பிடிக்கும்போது கீழே 'டிராப்ட்' எண்ணிக்கையைக் கவனியுங்கள். அது ஏறினால் சத்தமும் படமும் விலகும். புலவர் வீசுகோலால் வில்லை அடித்த பிறகு சத்தம் வரும். ஆன்டிவைரஸ், வைஃபை எல்லாம் நிறுத்திவிட்டுப் பிடித்தேன், அப்போதும் எண் ஏறியது. பழைய நாடாவில் சிக்னல் தள்ளாடும். அதை நேர்ப்படுத்தும் டிபிசி வசதி உள்ள பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கி நடுவில் மாட்டிய பிறகுதான் எண் நின்றது.

சத்தம்

இதில் நான் ஒரு தப்பு பண்ணினேன். காப்பு விருத்தம் பாடும்போது சத்தம் மெதுவாக இருக்கிறதே என்று அளவைக் கூட்டி வைத்தேன். கதை சூடு பிடித்துக் குடமும் உடுக்கையும் சேர்ந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. குலவை வந்தபோது வெறும் கரகரப்பு. டிஜிட்டலில் உச்சியைத் தாண்டிய சத்தம் வெட்டுப்பட்டுவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கேசட்டை இன்னொரு தடவை ஓட்ட வேண்டியதாயிற்று. ஆகவே முதலில் கொடையின் உச்சத்துக்குப் போய், அந்த இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபல் தாண்டாதபடி அளவு வைத்துவிட்டு, பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள், டிவிடிக்கு அதுதான் வேண்டும்.

டிஸ்க் கணக்கு

ஒரு டிவிடியில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டர் அதை 4.37 என்று காட்டும். ஏமாற்று இல்லை, எண்ணுகிற முறை வேறு. மூன்று மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் அடைத்தால் படமும் சத்தமும் சேர்ந்து வினாடிக்குச் சுமார் 3.4 மெகாபிட்தான் கிடைக்கும். பந்தமும் கூட்டமும் உள்ள படத்துக்கு அது குறைவு. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அளவை 352க்கு 576 ஆக்கி ஒரே டிஸ்க்கில் போடுவது. விஎச்எஸ் நாடாவில் குறுக்கே அதற்கு மேல் பெரிய விவரம் கிடையாது, டிவிடி முறையிலும் இந்த அளவுக்கு இடம் உண்டு. இன்னொன்று, இரண்டு டிஸ்க் போட்டு 6 மெகாபிட்டுக்கு மேல் கொடுப்பது.

நான் இரண்டாவதை எடுத்தேன். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து வெட்டவில்லை. கதை நடுவில் புலவர் வெற்றிலை போட நிறுத்துகிற இடத்தில் வெட்டினேன். முதல் டிஸ்க் 80 நிமிஷம், இரண்டாவது 98.

எம்பெக்-2 ஆக மாற்றும்போது 'டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட்' என்று கொடுத்தேன். இது மாறினால் வீசுகோல் முன்னும் பின்னும் துடிக்கும். கம்ப்யூட்டரில் தெரியாது, டிவியில் போட்டால்தான் தெரியும். ஒரு நிமிஷத் துண்டை மட்டும் முதலில் ரைட் பண்ணிப் பாருங்கள்.

டிவிடிஸ்டைலரில் 'பால்', '4:3' என்று வைத்து, காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்று வில்லுப்பாட்டின் வரிசைப்படியே அத்தியாயம் பிரித்தேன். பெரியப்பா எழும்புகிற இடத்துக்குத் தனியாக ஒன்று. இமேஜ்பர்னில் 8எக்ஸ் வேகத்தில் ரைட் பண்ணி, 'வெரிஃபை' கொடுத்தேன். ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்கைப் பழைய பிளேயர் படிக்காது.

டிவிடி, பார்ப்பதற்கான நகல் மட்டும்தான். ரைட் பண்ணின டிஸ்க்கின் சாயம் நாளாக ஆக மங்கும். அசல் ஏவிஐ ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வைத்திருக்கிறேன். கேசட்டையும் தூக்கிப் போடவில்லை.

பெரியம்மா பார்த்தது

பென் டிரைவில் தரட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா, டிஸ்க்கா குடு" என்றார்கள். போட்டோம். ரிமோட்டில் அந்த அத்தியாயத்துக்குப் போனேன். பெரியப்பா கை நடுங்க எழும்புகிறார். சுற்றி நிற்கிற பெண்கள் குலவை போடுகிறார்கள். மற்ற எல்லோருக்கும் முன்னால் ஒரு குரல் தொடங்குகிறது.

"அது நாந்தான்" என்றார்கள் பெரியம்மா.

படத்தில் அவர்கள் முகம் இல்லை. கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறார்கள். விசிடியில் காணாமல் போன இரண்டு நிமிஷத்தில்தான் அந்தக் குரல் இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் இருக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கிப் பாருங்கள். கடையில் கொடுப்பதாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பால் முறையில், 576 கோட்டோடு பிடிப்பீர்களா? எங்கே வெட்டுவீர்கள்? சுருக்காத ஃபைலையும் சேர்த்துத் தருவீர்களா? அண்ணாச்சி மூன்றுக்கும் பதில் சொன்னால் தைரியமாகக் கொடுக்கலாம்.