எழுத்துப் பணியும் உடல்நலமும்

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், உடற்பயிற்சிக்கெனத் தனியே நேரம் ஒதுக்கியதில்லை. குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் பால் நன்றாக வடியும். ஆகவே, அவர்கள் விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் கூடினர். வெயில் ஏறுவதற்குள் நிரைநிரையாக நடந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவினர். பிறகு பால் வாளிகளைச் சுமந்து சென்றனர். அவ்வேலை கடுமையானது, கூலியோ குறைவு. எனினும், அன்றாட உழைப்பிலேயே உடலுக்கு அசைவு கிடைத்தது.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் ஈப்போ போன்ற நகரங்களில் வாழ்கின்றனர். எழுத்தாளர், செய்தியாளர், அலுவலகப் பணியாளர், மாணவர் எனப் பலருக்கும் நாற்காலியே பணியிடம். கதையோ கட்டுரையோ எழுத அமர்ந்தால் மணிக்கணக்கில் எழுவதில்லை. கால்களின் பெரிய தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. அவை நெடுநேரம் ஓய்ந்திருந்தால் அந்தப் பயன்பாடு குறைகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அந்த விழுக்காடு மற்ற இனத்தவரைவிட அதிகம். எனவே, இது நம் வீட்டுச் சிக்கலும் ஆகும்.

இச்சிக்கலை உணர்ந்து செயல்பட்டவர்களுள் ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி ஒருவர். முழுநேர எழுத்தாளரானதும் உடல் எடை கூடுவதைக் கண்ட அவர், 1982இல் ஓடத் தொடங்கினார். நாவல் எழுதும் நாள்களில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஐந்தாறு மணி நேரம் எழுதுவார். பின்னர் ஓடுவார் அல்லது நீந்துவார். நீண்ட நாவலை எழுதி முடிக்க உடல் வலிமையும் தேவை என்பது அவர் கருத்து.

நடை, சிந்தனைக்கும் துணைபுரிகிறது. நடக்கும்போது புதிய எண்ணங்கள் மிகுதியாகத் தோன்றுவதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கட்டுரைக்குக் கருத்து கிடைக்காமல் தவிக்கும் மாணவர், சற்று நடந்துவிட்டு வரலாம்.

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 5 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் தேவை. இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவும் போலோ திடலும் உள்ளன. மற்ற இடங்களில் பள்ளித் திடலோ வீட்டருகே உள்ள நிழற்பாதையோ போதும். எழுதும்போது அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடப்பதை இன்றே பழக்கமாக்கிக்கொள்ளலாம்.