கல்வெட்டுக் காலக் கணிப்பில் தேசாந்தரத் திருத்தம்

சோழர் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டோடு திங்கள், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் ஆகியவையும் குறிக்கப்பெற்றுள்ளன. கீல்ஹார்ன், சிவெல், எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை முதலிய அறிஞர்கள் இக்குறிப்புகளைக் கருவியாகக் கொண்டே மன்னர் பலர்தம் ஆட்சித் தொடக்கத்தை வரையறுக்க முயன்றனர். இன்றும் ஆராய்ச்சி மாணவர்கள் அவ்வழியே செல்கின்றனர். ஆயின், அட்டவணையைப் புரட்டுங்கால் திதியும் கிழமையும் ஒரு நாள் பிறழ்ந்து நிற்கக் காணின், ‘கல்வெட்டிற் பிழை’ என்று எழுதி மேற்செல்வதைச் சில கட்டுரைகளிற் காண்கின்றோம். கல் பொறித்தவன் பிழைபடுதல் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. எனினும் பிழை நம் கணக்கில் உள்ளதா என்று முதற்கண் நோக்குதலே முறையாம். அத்தகைய ஒருநாட் பிறழ்ச்சிக்கு ஏதுவாகத்தக்க ஒன்றை, அதாவது ஊர் நிற்கும் தீர்க்கக்கோட்டை, ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நிலவுருண்டை 60 நாழிகையில் 360 பாகை சுழல்கின்றது. எனவே 6 பாகைக்கு ஒரு நாழிகை. ஒரு பாகைக்கு 10 விநாழிகை. 6 கலைக்கு ஒரு விநாழிகை. இன்றைய கடிகாரக் கணக்கில் ஒரு பாகைக்கு 4 நிமிடமும், 15 பாகைக்கு ஒரு மணியும் ஆகும். இவ்விரண்டனுள் நம் பழைய அளவே கையாளற்கு எளிது எனலாம். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய சோதிட நூல்களில் ‘விநாடி’ என வருவது விநாழிகையே. அதாவது 24 நொடி. இக்காலத்து வினாடியாக அதனைக் கொள்வோர் கணக்கு 24 மடங்கு பிறழும்.

கிழக்கிலுள்ள ஊரில் ஞாயிறு முன்னர் எழும். திதி முடியும் கணமோ உலகெங்கும் ஒன்றே. அது ஞாயிற்றிலிருந்து திங்கள் விலகி நிற்கும் தொலைவைப் பொறுத்தது. ஆகவே அக்கணம் ‘உதயாதி எத்தனை நாழிகை’ என்பது ஊர்தோறும் வேறுபடும். பழைய வானநூலார் இதனை நன்கு அறிந்திருந்தனர். இலங்கையையும் உச்சயினியையும் ஊடறுத்துச் செல்லும் கோட்டை நடுக்கோடாக வைத்துக் கணித்து, பிற ஊர்கட்குத் ‘தேசாந்தரம்’ என்னும் திருத்தத்தைச் செய்தனர். இவ்விலங்கை ஈழநாடு அன்று. உச்சயினியின் நேர்தெற்கே நிலநடுக்கோட்டில் அவர்கள் கற்பித்துக்கொண்ட புள்ளி அது. தேசப்படத்தில் அவ்விடம் கடலாகவே இருக்கும். 1896-இல் சிவெலும் சங்கர பாலகிருட்டிண தீட்சிதரும் வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்க நூலும் உச்சயினிக் கோட்டையே அடிப்படையாகக் கொண்டது. அந்நூலில் ஊர்ப் பெயர்களுக்கு எதிரே உச்சயினியினின்றும் வேறுபடும் நிமிடங்களைத் தந்துள்ளனர். அப்பட்டியலைப் பாராமல் முன்பக்க அட்டவணைகளை மட்டும் ஆள்வோரே இடர்ப்படுகின்றனர்.

தஞ்சையை எடுத்துக்கொள்வோம். அதன் தீர்க்கம் கிழக்கே 79 பாகை 8 கலை. உச்சயினியினது 75 பாகை 46 கலை. வேறுபாடு 3 பாகை 22 கலை. காலத்தில் 13 நிமிடம் 28 நொடி, அஃதாவது ஏறத்தாழ 34 விநாழிகை. ஒரு கல்வெட்டு, திங்கட்கிழமையன்று பஞ்சமி எனக் கூறுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். உச்சயினிக் கணக்கில் பஞ்சமி, திங்கட்கிழமை நடுநிலை உதயத்திற்கு 20 விநாழிகை முன்னரே முடிந்துவிடுகின்றது. உதயத்தில் நிற்கும் திதியே அந்நாளின் திதி என்னும் விதிப்படி திங்கட்கிழமை சட்டியாகிவிடும். கல்வெட்டுப் பிழையெனத் தோன்றும். தஞ்சையிலோ அதே கணம் உதயத்திற்கு 14 விநாழிகை பின்னர் நிகழ்கின்றது. எனவே திங்கட்கிழமை பஞ்சமியே. கல்வெட்டு பிழைத்ததன்று.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. மேற்கூறிய நடுநிலை உதயம் காலை 6 மணி எனக் கொள்ளப்படுவது. மெய்யான உதயம் பருவத்திற்கும் ஊரின் அட்சக்கோட்டிற்கும் ஏற்ப மாறும். தஞ்சையின் அட்சம் வடக்கே 10 பாகை 47 கலை. அங்கே மார்கழி முற்பகுதியில், பகல் மிகக் குறுகிய நாளில், ஞாயிறு 6 மணிக்கு 19 நிமிடம் (47 விநாழிகை) பிந்தி எழும். ஆனித் திங்களில் அவ்வளவே முந்தும். சென்னையில் இது 23 நிமிடம். உச்சயினியில் 43 நிமிடம். ஆகவே நாம் கற்பித்த பஞ்சமி ஆனியில் நிகழ்ந்திருப்பின் ஐயத்திற்கு இடமின்றித் திங்கட்கிழமைக்கு உரியதாகும். மார்கழியில் நிகழ்ந்திருப்பின் மெய்யுதயத்திற்கு முன்னரே கழிந்துவிடும். தேசாந்தரம் சேர்த்தது, இத்திருத்தம் நீக்கியது என்னுமாறு அமையும். ஞாயிற்றின் ஓட்டம் ஆண்டு முழுதும் சீராக இல்லாமையால் நேரும் மற்றொரு வேறுபாடும் உண்டு; அது நவம்பர்த் தொடக்கத்தில் 16 நிமிடம் வரை செல்லும்.

இக்காலப் பஞ்சாங்கங்களையும் கணிப்பொறி நிரல்களையும் கொண்டு சரிபார்ப்போர்க்குப் பிறிதோர் இடையூறு நேர்கின்றது. அவை பெரும்பாலும் இந்திய நிலைநேரத்தில் விடை தருவன. அந்நேரம் 82 பாகை 30 கலைக் கோட்டிற்கு உரியது. 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இருப்புப்பாதைகள் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தைத் தழுவின. அது நிலைநேரத்திற்கு 9 நிமிடம் பிற்பட்டது. தஞ்சையோ உச்சயினிக் கோட்டிற்கும் நிலைநேரக் கோட்டிற்கும் சரிநடுவில் உள்ளது. ஒன்றற்கு 13 நிமிடம் 28 நொடி முற்பட்டும், மற்றதற்கு அவ்வளவே பிற்பட்டும் நிற்கின்றது. எண் ஒன்றாகவும் குறி எதிராகவும் இருத்தலின், கூட்டவேண்டிய இடத்துக் கழித்துவிடுதல் மிக எளிது. அவ்வாறு செய்யின் பிழை 67 விநாழிகையாகப் பெருகும்.

கடிகார நேரத்தைக் கொண்டு தொலைவை அளத்தலும் இவ்வாறே ஏமாற்றும். நம் அட்சங்களில் தீர்க்கத்தின் ஒரு பாகை ஏறத்தாழ 109 கிலோமீட்டர். எனவே ஒரு விநாழிகைக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திற்கும், கடாரம் எனப்படும் கெடாவின் பூசாங் பள்ளத்தாக்கிற்கும் தீர்க்க வேறுபாடு 20 பாகை 35 கலை. ஞாயிறு அங்கே 3 நாழிகை 26 விநாழிகை, அதாவது ஒரு மணி 22 நிமிடம், முந்துகின்றது. நேர்த்தொலைவு சுமார் 2,330 கிலோமீட்டர். மலேசியக் கடிகாரமோ நம்மினும் இரண்டரை மணி முந்தியுள்ளது. அதனைத் தீர்க்கமாக மாற்றினால் 37 பாகை 30 கலை வரும். கடாரம் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும்! நாட்டுக் கடிகாரம் அரசாணையால் அமைவது. 1982-இல் அந்நாட்டின் மேற்குப் பகுதி அரைமணி முன்னேறியதும், இலங்கை 1996-இல் முன்னேறி 2006-இல் மீண்டதும் ஞாயிற்றின் செயல்கள் அல்ல. யாழ்ப்பாணத்து ஆவணங்களில் காணும் மணிக்கணக்கை ஆராய்வோரும் இதனைக் கருதவேண்டும்.

இனி, தேசாந்தரத்தால் எத்தனை கல்வெட்டுகள் மாறும் என்னும் வினா எழும். மிகச் சிலவே என்பது நம் கருத்து. திதியின் சராசரி அளவு 59 நாழிகை. திருத்தம் 34 விநாழிகை. ஆதலின் திதிகளுள், நூற்றுக்கு ஒன்றளவிலேயே நாள் மாறக்கூடும். பருவத் திருத்தம் சேரினும் இரண்டைத் தாண்டுதல் அரிது. சூரிய சித்தாந்தக் கணக்கிற்கும் ஆரிய சித்தாந்தக் கணக்கிற்கும் உள்ள வேறுபாடு சிலபோது இதனினும் பெரிதாகும். ஆகவே பொருந்தாத நாட்குறிப்பை எல்லாம் தேசாந்தரத்தின்மேல் ஏற்றுவது, கல்தச்சன்மேல் ஏற்றுவதை ஒத்த குற்றமேயாம். திதி முடிவு உதயத்திற்கு இருபுறமும் ஒன்றரை நாழிகைக்குள் அமைந்தாலன்றி இத்திருத்தத்தை எண்ண வேண்டுவதில்லை. அவ்வெல்லைக்குள் அமைந்தவற்றை வெளியிடுவோர், தாம் ஆண்ட அட்டவணை எக்கோட்டிற்கு உரியது, ஊரின் தீர்க்கம் யாது, எத்தனை விநாழிகை கூட்டப்பட்டது என்னும் மூன்றையும் நாட்குறிப்பின் அடியிலேயே குறித்தல் வேண்டும்.