வந்த பயிர், நிலைத்த பயிர்

குளிர்காலத்தில் வடநாட்டுச் சிற்றூர்ப் பக்கம் சென்ற நண்பர்கள், மும்மூன்று இலைகளாகத் தழைத்து நிற்கும் பசும்பயிர் ஒன்றைக் கண்டிருப்பர். அதன் பெயர் பெர்சீம். குளோவர் இனத்தது, நம் ஊர்க் குதிரைமசாலுக்கு உறவு. எனினும் இந்நாட்டுப் பயிரன்று. 1904-ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து சிந்துப் பகுதிக்கு வந்தது. இன்று பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் கறவை மாடுகளின் குளிர்காலத் தீவனங்களுள் முதன்மையானது.

அயல்நாட்டு வகையொன்று நம் மண்ணுக்கு ஏற்றதா என்று எவ்வாறு அறிவது? செழித்து வளர்ந்தால் போதாதா? போதாது.

எகிப்திலேயே பெர்சீமில் பல வகைகள் உண்டு. பாஹ்லி என்பது ஒரே அறுப்புடன் முடிந்துவிடும். மிஸ்காவியோ அறுக்க அறுக்கத் துளிர்க்கும். அக்டோபரில் விதைத்தால் 50, 60 நாட்களில் முதல் அறுப்பு. அதன்பின் 25, 30 நாட்களுக்கு ஒன்றாக, மொத்தம் 4 முதல் 6 அறுப்பு வரை கிடைக்கும். ஆகவே, முதல் அறுப்பை மட்டும் நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. பச்சை எடையும் ஏமாற்றும். இளம் பெர்சீமில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நீரே. உலர்த்தித்தான் நிறுக்க வேண்டும்.

இனி, வேர் முண்டுகளில் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஊட்டும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரைக் கருதுவோம். பெர்சீமுக்கு உரிய ரைசோபியம் புதிய நிலத்தில் போதிய அளவு இராது. எல்லா வகை விதைகளிலும் அதனை ஒன்றுபோல் கலந்து விதைக்க வேண்டும். இல்லையேல், குறை நிலத்தினுடையதாக இருக்க, பழி விதையின்மேல் விழும்.

கடைசிச் சோதனையே கடுமையானது. அதுதான் விதை. கோடை தொடங்கும்போது அறுப்பை நிறுத்திப் பயிரைப் பூக்கவிட வேண்டும். தேனீக்கள் வந்தால்தான் விதை நன்கு பிடிக்கும். 'லூ' என்னும் அனற்காற்று வாட்டுமுன் அது முற்றவும் வேண்டும். தழையை மலையாகக் குவித்தும் விதை தராத வகையை நம்பினால், உழவர் ஆண்டுதோறும் விதைக்கடை வாயிலில் நிற்க நேரும். இரண்டு ஏக்கர் நிலமுடையவருக்கு அது சிறு செலவன்று. வாங்கும் விதையில் காசினிக் களையின் விதையும் கலந்து வருவதுண்டு.

இதனால்தான் புதிய வகைகளை மிஸ்காவியோடும், ஜான்சி ஆராய்ச்சி நிலையம் தந்த வர்தானோடும் அருகருகே விதைத்து, பல இடங்களில், பல ஆண்டுகள் ஒப்பிடுகின்றனர்.

விடுமுறையில் ஊர் செல்லும்போது, "அந்தப் பயிரை இங்கே போடலாமா?" என வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். நீண்ட குளிர்காலம் இல்லாத நம் சமவெளிக்குக் குதிரைமசாலே ஏற்றது என்று அவர்களிடம் கூறுங்கள்.