வரவு செலவுத் திட்டமும் சிறுவர் நலனும்

வரவு செலவுத் திட்டம் என்றதும் எந்தப் பொருளின் விலை கூடும், எது குறையும் என்றே பலரும் பார்ப்பர். ஆனால் உங்கள் புத்தகப் பையிலுள்ள இலவசப் பாடநூலும் ஒரு வரவு செலவுத் திட்ட முடிவின் பயனே. இலங்கையில் இலவசக் கல்வி 1945இலும், திரிபோஷா 1973இலும், இலவசப் பாடநூல் 1980இலும், இலவசச் சீருடை 1993இலும் நடைமுறைக்கு வந்தன. அறிவித்தால் மட்டும் இவை நிலைத்துவிடா. ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

சிறுவருக்காகக் குரல் கொடுப்பது ஏன்?

1. 18 வயதுக்குக் குறைந்தோருக்கு வாக்குரிமை இல்லை. எனவே அவர்களது தேவையைப் பிறரே எடுத்துரைக்க வேண்டியுள்ளது.
2. வீதியை அடுத்த ஆண்டிலும் செப்பனிடலாம். இரண்டு வயதில் போசாக்கை இழந்த பிள்ளைக்கு அவ்வயது திரும்பி வராது.
3. ஒதுக்கீடு குறையாமலே சேவை குறையலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் தாண்டியது. அத்தகைய வேளையில் மதிய உணவுக்கான தொகை மாறாதிருந்தால், பிள்ளையின் தட்டில் உணவு குறையும்.

சட்ட அடிப்படை

1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கையிலுள்ள வளங்களை இயன்ற உச்ச அளவில் சிறுவருக்காகப் பயன்படுத்த வேண்டும் என அதன் 4ஆம் உறுப்புரை கூறுகின்றது. சிறுவர், இளைஞர் நலன்களை அரசு விசேட கவனத்துடன் மேம்படுத்த வேண்டும் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27(13)ஆம் உறுப்புரையாகும். எனினும் 27ஆம் உறுப்புரையில் உள்ளவை அரச கொள்கை வழிகாட்டும் தத்துவங்களே. அவற்றை நீதிமன்றின் மூலம் நடைமுறைப்படுத்த முடியாது. ஆகவே மக்களின் கோரிக்கை அவசியமாகின்றது.

எப்போது, யாரிடம் கோருவது?

அரச நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது (148ஆம் உறுப்புரை). ஆயினும் திரட்டு நிதியத்திலிருந்து பணம் செலவிடும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் அமைச்சர் ஒருவரே சமர்ப்பிக்கலாம் (152ஆம் உறுப்புரை). வரவு செலவுத் திட்ட உரை முடிந்த பின் கேட்பது பெரும்பாலும் காலங்கடந்த கோரிக்கையாகும். படிமுறைகளைக் கவனியுங்கள்.

• தயாரிப்பு: அமைச்சுக்கள் தமது மதிப்பீடுகளைத் திறைசேரிக்கு அனுப்பும். கோரிக்கை முன்வைக்க உகந்த வேளை இதுவே.
• விவாதம்: ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பும் குழுநிலை விவாதமும் நிகழும். மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் மூலம் கேள்வி எழுப்பலாம்.
• செயற்படுத்தல்: ஒதுக்கிய பணம் உண்மையில் விடுவிக்கப்பட்டதா என 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரசைகள் வினவலாம்.
• கணக்காய்வு: கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை செலவின் குறைகளைக் காட்டும்.

பாடசாலைகளிற் பெரும்பாலானவை மாகாண சபைகளின் கீழுள்ளவை என்பதையும் மறவாதீர்கள். தேசிய பாடசாலையின் தேவைக்கு மத்திய கல்வி அமைச்சும், மாகாணப் பாடசாலையின் தேவைக்கு மாகாணக் கல்வி அதிகாரிகளுமே உரிய இடம்.

நல்ல கோரிக்கை எது?

"சிறுவருக்கு உதவுங்கள்" என்பது வேண்டுகோள் மட்டுமே. எத்தனை பிள்ளைகள், எந்தச் சேவை, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவு, கொடுக்காவிடின் நேரும் இழப்பு என்ன என்ற நான்குக்கும் விடை தருவதே கோரிக்கை. கட்டடம் கேட்கும்போது அதிற் பணியாற்றுவோரின் சம்பளத்தையும் கேட்க வேண்டும். முன்னையது மூலதனச் செலவினம், பின்னையது மீண்டெழும் செலவினம். ஆசிரியரில்லாத புதிய வகுப்பறையால் பிள்ளைக்குப் பயனில்லை.

மாதிரி வினா

உமது கிராமத்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவு பெறுவதற்கான கோரிக்கையில் இடம்பெற வேண்டிய நான்கு விடயங்களைக் குறிப்பிட்டு, அதனை முன்வைக்க உகந்த காலத்தைக் காரணத்துடன் விளக்குக.

விடை எழுதும்போது உங்கள் ஊரில் பசியோடு முன்பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு விடயங்களும் தாமாகவே நினைவுக்கு வரும்.